மூணு வூட்ல கீது

நைனாவின் குரல் மூன்று வீடுகளில் இருந்தது. ஒன்று காலடிப்பேட்டையில் எங்கள் வீடு. இன்னொன்று தெருமுனையில் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த மாமாவின் வீடு. மூன்றாவது எங்கள் மாடி போர்ஷனில் குடியிருந்த நர்ஸ் அக்காவின் வீடு. நைனா, அதாவது என் அப்பா, என்னவோ எங்களோடுதான் இருந்தார். பேசத்தான் முடியாது. தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

குரல் எப்படி மூன்று வீட்டுக்குப் போனது என்று சொல்ல வேண்டுமானால் கேபிள் மாமாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போது எங்கள் தெருவில் இன்டர்நெட் என்றால் டெலிபோன் கம்பியில் கொய்ங் என்று கத்திவிட்டு, மூக்கால் அழுதுகொண்டு வருவது. மாமா டிவி வயரை மொட்டை மாடி மொட்டை மாடியாக இழுத்துக்கொண்டு போகும்போது, "கூடவே கம்பூட்டர் வயரையும் இஸ்துக்கினு போனா இன்னா?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, இழுத்தும் விட்டார். ஆறு வீடுகள். எல்லாம் பாகம் பாகமாக வாங்கிக் கூட்டிய கம்ப்யூட்டர்கள். எங்களுடையதற்குப் பக்கவாட்டு மூடியே கிடையாது.

எதிர்வீட்டில் ஒருவன் இருந்தான். தேரடிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் டைப்பிங்கும் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன், அவன் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தான். அப்போது அவன், இப்போது அவர். என் வாய்க்குப் பயந்து சென்டரில் பாதிப் பேர் என்னோடு பேசமாட்டார்கள். இவன் மட்டும் வேண்டுமென்றே வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போவான்.

கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்குத் தெரியும். உப்புக் காற்று இரும்பை மட்டும் தின்னாது, எல்லாவற்றையும் தின்னும். இன்றைக்கு ஓடும் பெட்டி நாளைக்கு ஓடும் என்று அங்கே யாரும் சத்தியம் செய்ய முடியாது. இதற்கெல்லாம் மேலே கரண்ட் கட். ஆகவே எதிர்வீட்டுக்காரன் ஒரு திட்டம் சொன்னான். முக்கியமான எந்த ஃபைலும் ஒரு வீட்டில் மட்டும் இருக்கக் கூடாது, மூன்று வீட்டில் இருக்க வேண்டும். ஒரு வீட்டுப் பெட்டி படுத்துவிட்டால், மற்ற இரண்டில் ஒன்று நான்காவது வீட்டுக்கு ஒரு நகல் அனுப்பிவிட வேண்டும். யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, அவன் எழுதிய புரோகிராமே பார்த்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் திரையின் அடியில் பச்சையாக ஒரு வரி எழுதும்: மூணு வூட்ல கீது.

"இதென்னப்பா, கம்ப்யூட்டர் இப்படிப் பேசுது?" என்று கேட்டேன்.

"நம்ம ஏரியா கம்பூட்டர் மேடம். அது பின்ன எப்டி பேசும்?"

நல்ல திட்டம்தான். கரண்ட் போன முதல் நாளே மானம் போயிற்று. பாதித் தெருவில் கரண்ட் கட். மூன்று பெட்டிகள் அணைந்தன. மீதி மூன்றும், ஐயோ அவர்கள் போய்விட்டார்களே என்று பதறி, ஒன்றுக்கொன்று நகல் அனுப்ப ஆரம்பித்தன. கரண்ட் வந்து, போனவர்கள் திரும்பினார்கள். அவர்களிடம் இருந்ததே இவர்களிடமும் நிரம்பி வழிந்தது. அடுத்த முறை எதிர்ப்பக்கம் கரண்ட் போயிற்று, அங்கேயும் அதே கூத்து. டிஸ்க் எல்லாம் ரொம்பி, வயரில் எறும்புகூட நகர முடியவில்லை. கேபிள் மாமா தெருவில் நின்று கத்தினார்: "இன்னாபா இது பேஜாரு! ஒருத்தன் ஒன்னுக்குப் போனாக்கூட செத்துட்டான்னு சங்கு ஊதுதே உன் புரோகிராமு!"

அவர் சொன்னதுதான் விஷயமே. ஒரு பெட்டி காணாமல் போனால், அது திரும்பி வருமா, ஒரேயடியாகப் போய்விட்டதா என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? உடனே பதறினால் வீண் வேலை. ரொம்பப் பொறுத்தால், அதற்குள் மற்ற இரண்டும் போய்விடலாம்.

எதிர்வீட்டுக்காரன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். அணைக்கும்போது பெட்டியே கேட்கட்டும். ஒரு சின்னக் கட்டம் வரும், அதில் இரண்டு பட்டன். ஒன்று 'வரேன்'. இன்னொன்று 'போறேன்'. வரேன் என்று அமுக்கினால் காத்திருக்கும், அந்த வீட்டைக் கணக்கில் வைத்திருக்கும். போறேன் என்று அமுக்கினால் உடனே வேறு வீட்டில் நகல் எடுக்கும். சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தால் ஒரு நாள் பொறுத்துவிட்டுச் சந்தேகப்படும். கரண்ட் கட்டுக்கு அது போதும். எல்லோரும் கை தட்டினோம். மாமா டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்தார். அந்த இரண்டாவது பட்டனை எங்கள் தெருவில் ஒருவர்கூட அமுக்கமாட்டார்கள் என்பது அங்கே நின்ற ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

இனி நைனாவின் குரலுக்கு வருகிறேன்.

நைனா ஹார்பரில் சரக்கு எண்ணும் வேலை பார்த்தார். கிரேன் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவருக்கு மெல்லப் பேசவே வராது. ரகசியம் சொன்னால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிரவுண்டில் ஃபுட்பால் மேட்சுக்கு மைக் பிடிப்பார். மைக் கையில் வந்ததும் வீட்டுப் பாஷை போய்விடும், எங்கிருந்தோ ஒரு மேடைத் தமிழ் வந்து ஏறிக்கொள்ளும். "இதோ, வலது ஓரத்திலிருந்து பந்து வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, அடடா, போய்விட்டது!" ஆட்டத்தைப் பார்க்க வராமல் இவரைக் கேட்க வந்தவர்களே அதிகம் என்று சொல்லிக்கொள்வார். அது பொய்யுமில்லை.

ஆபரேஷன் முடிவானதும் நர்ஸ் அக்காதான் சொன்னாள். "இன்னாத்துக்கு அழுதுகினு கீற? போறது போவட்டும், ஆளு இருப்பாரு. மைக்கை வெச்சி அவரு பேசறதைப் புடிச்சி வெச்சிக்க."

ஹெட்ஃபோனோடு ஒட்டிய குச்சி மைக் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை மாட்டி உட்கார வைத்தோம். வாழ்நாளெல்லாம் வாய் மூடாத மனிதர் அன்றைக்கு மைக்கைப் பார்த்துவிட்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் அம்மா மீனைச் சட்டியில் போட, சொய்ங் என்று சத்தம் வந்தது. நைனா நிமிர்ந்தார்.

"ரசிகப் பெருமக்களே! இதோ, மஞ்சள் பூசிய சீருடையில் வவ்வால் மீன் களத்தில் இறங்கிவிட்டது! கரண்டியோடு எதிர்த்து நிற்பவர் நம்முடைய அனுபவம் வாய்ந்த வீராங்கனை! திருப்பப் பார்க்கிறார், திருப்பப் பார்க்கிறார், வால் ஒட்டிக்கொண்டது! ஆஹா, வீராங்கனையின் முகத்தில் கடுங்கோபம்!"

"யோவ், பொட்டிகிட்ட பேசினது போதும், எயுந்து வந்து துன்னுய்யா!" என்று பின்னாலிருந்து அம்மா குரல். எங்கள் சிரிப்பு. பிறகு நைனாவே சிரித்து இருமியது. எல்லாம் அதில் பதிந்தது. அதைத்தான் மூன்று வீட்டில் வைத்தோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஃபைல் பத்திரமாகப் பூட்டி வைக்கிற பொருளாக இருக்கவில்லை. அம்மா சட்டியை அடுப்பில் வைத்ததும் நைனா மெல்ல எழுந்து போய் மௌஸைத் தட்டுவார். ரசிகப் பெருமக்களே என்று வீடு அதிரும். அம்மா திரும்பிப் பார்க்காமலே, "ஆரமிச்சிட்டாருபா" என்பாள். தினமும் அதே மேட்ச், தினமும் வால் ஒட்டிக்கொள்ளும், தினமும் அம்மா ஒரு வசவு சொல்லுவாள். நைனா தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிப்பார். பேச்சு போன வீடு என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு சிடியிலும் எழுதி வைத்தேன். நான் என்ன முட்டாளா? ஆனால் மாடியில் கருவாடு காயப்போட்ட அம்மா, காக்கா வராமலிருக்கப் பளபளவென்று ஏதாவது கட்டலாமென்று தேடியிருக்கிறாள். அந்தச் சிடி ஒரு மாதம் வெயிலில் ஆடிக் காக்கா ஓட்டியது. நான் கண்டுபிடித்தபோது அதன் முதுகில் பூச்சே இல்லை. "நல்லாத்தானே வேல செஞ்சிது" என்றாள் அம்மா. இவளை என்ன செய்வது?

ஆவணி மாதம் நர்ஸ் அக்கா வீடு மாறினாள். அவள் வீட்டுக்காரருக்கு மணலிப் பக்கம் வேலை. சடையங்குப்பத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தார்கள். மினி லாரியில் கட்டிலும் கிரைண்டரும் ஏறின. நானும் அக்காவும் கட்டிப்பிடித்து அழுதோம். கம்ப்யூட்டர் போர்வையில் சுற்றிப் போனதை நானே பார்த்தேன். அதற்குள் நைனாவின் குரலும் போகிறதே என்று அந்த அழுகையில் எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை. மறுநாள் திரையைப் பார்த்தால் பச்சையாக அதே வரி. மூணு வூட்ல கீது. அப்புறம் எதற்குக் கவலை?

கார்த்திகை மழையில் ஒரு சாயங்காலம் எங்கள் வரிசையில் நியூட்ரல் கம்பி அறுந்து, கரண்ட் தாறுமாறாக ஏறியது. ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுற்றியது. டியூப்லைட் வெடித்தது. நான் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் கம்ப்யூட்டரின் திறந்த விலாவிலிருந்து புகை வந்துவிட்டது. எங்கள் வரிசையில் ஃப்ரிட்ஜ், டிவி, மிக்ஸி, ஒன்று பாக்கியில்லை. கேபிள் மாமா வீடும் அதே வரிசை. அவர் பெட்டியும் போயிற்று. எதிர்வரிசை தப்பியது.

டிஸ்க்கைக் கழற்றி ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டே திருப்பிக் கொடுத்தார். "போர்டு, உள்ள, எல்லாம் சுட்டுப்போச்சும்மா."

எதிர்வீட்டில் அவன் தன் பெட்டியைத் திறந்து காட்டினான். நைனாவின் ஃபைலுக்கு நேரே சிவப்பாக ஒரு வரி நின்றது: ஒரு வூட்ல தான் கீது. அந்த ஒரு வீடு எது என்று தட்டினான். மாடி அக்கா, வரேன்.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! "அவங்க வீட்டைக் காலி பண்ணி மூணு மாசம் ஆச்சு! இன்னும் வருவாங்க வருவாங்கன்னு உன் புரோகிராம் வாசலைப் பாத்துகினு ஒக்காந்திருக்கா? அறிவு இருக்கா அதுக்கு? உனக்கு இருக்கா?" வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் பாட்டுக்கு அக்கா வீட்டுக்காரர் செல்போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தான். ஸ்விட்ச் ஆஃப். சடையங்குப்பத்தில் வெள்ளம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போனால் அம்மா அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சட்டி வைக்கவில்லை. "கை ஓட மாட்டேங்குதுடி" என்றாள். "அந்தக் கெயவன் கத்தாம எனக்கு மீனைத் திருப்ப வரல." நைனா கரிந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்து மௌஸைத் தட்டிக்கொண்டிருந்தார். எரிந்துபோனது அவருக்குத் தெரியாமலில்லை. கை பழகிவிட்டது. நான் அன்றைக்கு அழுத மாதிரி ஆபரேஷன் அன்றைக்குக்கூட அழவில்லை.

மறுநாள் காலை மழை விட்டதும் நானும் எதிர்வீட்டுக்காரனும் கிளம்பினோம். மணலி வரை பஸ் போயிற்று. அப்புறம் தண்ணீர்தான். முட்டி, தொடை, சில இடத்தில் இடுப்பு. எதிரே அலுமினியத் தேக்சாவில் பிள்ளைகளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கலீஜான தண்ணீர், ஆயில் வாடை. வழி நெடுக நான் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். திட்டுவதை நிறுத்தினால் பயம் வந்துவிடும் போலிருந்தது.

அக்கா வீட்டுக்குள் தண்ணீர் கட்டில் உயரம் இருந்தது. கிரைண்டர் முழுகியிருந்தது. பீரோ பாதி முழுகியிருந்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நான் வாய் திறக்கும் முன்பே பரணைக் கை காட்டினாள்.

"வந்தியா? பயந்துக்காத. உங்க நைனா மேல கீறாரு."

பரணில், பாலிதீன் கவரில் சுற்றி, மேலே ஒரு மணையைக் கவிழ்த்து வைத்து, கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"தண்ணி உள்ள வந்ததும் மொதல்ல இத்ததான் ஏத்துனேன். எங்க வூட்டுக்காரரு கிரைண்டரை ஏத்து, கிரைண்டரை ஏத்துன்னு கத்துறாரு. யோவ், கிரைண்டரு வேற வாங்கலாம், இதுல ஒரு ஆளு கீறாருய்யான்னேன்."

நான் அந்தத் தண்ணீரிலேயே அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் தலையில் தட்டி எழுப்பினாள்.

எதிர்வீட்டுக்காரனுக்கு அந்த நேரத்திலும் சந்தேகம் தீரவில்லை. "ஏங்க்கா, வூட்டைக் காலி பண்ணப்ப 'போறேன்' பட்டனை அமுக்கிருந்தீங்கன்னா அன்னிக்கே வேற வூட்ல ஒரு காப்பி விழுந்திருக்குமே. எதுக்கு வரேன்னு அமுக்குனீங்க?"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல நாளும் அதுவுமா, புது வூட்டுக்குக் கிளம்பறச்சே, எவளாச்சும் போறேன்னு அமுக்குவாளா? நான் ஆஸ்பத்திரில வேல பாக்கறவ. அந்த வார்த்தையை வாயால சொல்லமாட்டேன், கையாலயும் அமுக்கமாட்டேன். ஏம்பா, நீ வூட்லர்ந்து கிளம்பறச்சே உங்க அம்மாகிட்ட இன்னான்னு சொல்லுவ?"

அவன் பேந்தப் பேந்த விழித்தான். "போய்ட்டு வரேன்னு..."

"அப்பறம்? வரேன்னு சொல்லிட்டு வந்தேன், அதான் அழிக்காம வெச்சிருந்தேன். போறேன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டுப் பையனுக்குக் கேம் போட்டிருப்பேன்."

"அப்ப அந்தப் பட்டன்ல இன்னாதான்கா போடறது?"

அக்கா ஒரு சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னாள். "வர லேட்டாகும்னு போடேன். யாரு வாணான்னாங்க?"

பெட்டியைத் தேக்சாவில் வைத்து அவன் தலையில் ஏற்றினோம். திரும்பும்போது எதிரே வந்த ஒருவர், "இன்னா மாமு, தலையில இன்னாது?" என்று கேட்டார். இவன் நின்று நிதானமாக, "எங்க மாமனாரு" என்றான்.

எனக்குக் காது மடல் சுட்டது. "இன்னா சொன்ன? இன்னா சொன்ன நீ?" என்று கத்தினேன். தலையில் தேக்சா இருந்ததால் அடிக்கவும் முடியவில்லை. அவனுக்கு அது தெரிந்திருந்தது. நடுத்தண்ணீரில் சிரித்துக்கொண்டே போனான்.

எதிர்வீட்டில் வைத்துத்தான் பெட்டியைப் போட்டோம். எங்கள் வரிசையில் இன்னும் கரண்ட் வரவில்லை. நைனாவும் அம்மாவும் வந்து நின்றார்கள். பச்சை விளக்கு எரிந்து, டிஸ்க் கரகரவென்று சுற்றி, ரசிகப் பெருமக்களே என்று கேட்டதும் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நைனா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். ஏதோ தவறு என்று நினைத்தேன். அவர் அம்மாவைப் பார்த்து, சட்டியில் மீன் திருப்புவது மாதிரி கையைத் திருப்பிக் காட்டினார். அம்மா அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து, "சட்டி எங்கம்மா கீது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் முழுசாகப் போட விட்டார்.

அக்கா வீடு மாறாமல் மாடியிலேயே இருந்திருந்தால் அவள் பெட்டியும் எங்களோடு எரிந்திருக்கும். அதைப் புரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஒரே கரண்ட் லைனில் இருக்கும் மூன்று வீடு மூன்று வீடே கிடையாது. அதற்குப் பிறகு வரிசைக்கு ஒன்று என்று பிரித்து வைத்தோம். ராயபுரத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு நகலைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். பட்டனும் மாறியது. 'வரேன்', 'வர லேட்டாகும்'. ஊருக்குப் போகிறவர்கள், பெட்டியை விற்கிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் எல்லோரும் இரண்டாவதைக் கூச்சமில்லாமல் அமுக்கினார்கள்.

அந்தத் தை மாதம் எதிர்வீட்டுக்காரன் அவராகிவிட்டார். தெருவைத் தாண்டியதுதான் என் புகுந்த வீட்டுப் பயணம்.

எங்கள் கல்யாணத்துக்கு மொய்யாக வந்த பழைய கம்ப்யூட்டரை நைனாவுக்குக் கொடுத்துவிட்டோம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டக் கற்றுக்கொண்டார். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களையும் சேர்த்து ஆறு வீட்டுக்கும் செய்தி போகும். காலையில் எழுந்ததும் தெருவில் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது, யார் வீட்டுச் சண்டை யார் பக்கம் சாய்கிறது என்று வர்ணனை ஓடும். கேபிள் மாமா தெருவில் நின்றே பதில் கத்துவார். இப்போது நினைத்தால் அந்த நாட்களுக்கு ஏங்கித்தான் போகிறேன். அப்புறம் வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வந்தது. வயர்கள் ஒன்றொன்றாக மாடியில் தொங்க ஆரம்பித்தன. ஆறு வீடு நாலாயிற்று.

நோய் திரும்பியபோதும் நைனா தட்டிக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு ரெண்டு நாள் அட்மிட் ஆகி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். காலையில் நான் என் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். எதிரே அம்மா பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும், ஆட்டோ நிற்பதும் ஜன்னலில் தெரிந்தது. நைனா இன்னும் வரவில்லை. பெட்டியை அணைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

எங்கள் பெட்டியில் டிங் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். நைனா வீடு, வர லேட்டாகும்.

ஓடிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அவர் வாசலில் நின்று என் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் பிடிக்கிற மாதிரி கையை வாயருகே வைத்துக் காட்டிவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். ஆட்டோ கிளம்பியது.

எனக்குப் பின்னால் டிஸ்க் கரகரக்க ஆரம்பித்தது. அந்த வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, நைனாவிடம் இருந்த எல்லாவற்றுக்கும் வேறு வீட்டில் நகல் எடுத்துக்கொண்டிருந்தது. நான் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் பச்சையாக வரி வந்தது.

மூணு வூட்ல கீது.